சிவ் 5 ஆடி கத்துக்கிட்டது எதுவும் சிவ் 6ல வேலைக்கு ஆகல, எதை மறக்கணும்?

நாலுஊர்_ராஜா:

வணக்கம் மக்களே. ஊர் ஊரா போட்டு சாம்ராஜ்யம் கட்டுற கம்ப்யூட்டர் கேம் சிவிலைசேஷன், அதோட 5வது பாகத்தை பல வருஷமா ஆடுற ஆளு நான், இம்மார்ட்டல்ங்கிற கஷ்டமான லெவல் வரைக்கும் பெருசா சிரமம் இல்லாம ஜெயிப்பேன், ஃபார்முலா எல்லாருக்கும் தெரிஞ்சது தானே, ட்ரெடிஷன் பாலிசி எடு, நாலே நாலு சிட்டி போடு, நாலுலயும் லைப்ரரி முடிச்சிட்டு நேஷனல் காலேஜ், அப்புறம் ஜனத்தொகையை ஏத்திக்கிட்டே போனா சயின்ஸ் தானா வரும். செஜோங் ராஜாவை வச்சு கொரியா ஆடுனா கேட்கவே வேணாம், பாதி ஆட்டத்துலயே மத்தவன் எல்லாம் பின்னாடி நிப்பான்.

எபிக் கேம் ஸ்டோர்ல 2020 மே மாசம் 6ஐ ஃப்ரீயா குடுத்தப்ப எடுத்து சும்மா வச்சிருந்தேன். இப்ப தான் ஆஃபர்ல ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம்ங்கிற ரெண்டு எக்ஸ்பான்ஷனையும் வாங்கிப் போட்டு சீரியஸா உட்கார்ந்தேன். அதே கொரியா, இந்த தடவை ராணி சியோன்டியோக். எம்பரர் லெவல், பாஞ்சியா மேப் (எல்லாரும் ஒரே கண்டத்துல), ஸ்டாண்டர்ட் ஸ்பீடு. ஆத்தங்கரையா பாத்து நாலு சிட்டி, தலைநகர்ல ஹேங்கிங் கார்டன்ஸ், ஆரக்கிள், கிரேட் லைப்ரரி, மூணு வொண்டரும் (அதிசயக் கட்டடம்) என்னுது, பாக்க அம்சமா இருக்கு. ஆனா டர்ன் 120 கிட்ட ஸ்கோரைத் திறந்து பாத்தா சயின்ஸ்ல நாலாவது எடம். கிழக்குப் பக்கம் கம்ப்யூட்டர் ஆடுற ரோம் ராஜா ட்ராஜன் 11 சிட்டியோட படுத்திருக்கான், வடக்க சீனாவோட சின் ஷி ஹுவாங், ரெண்டு பேர் மூஞ்சியும் செவந்து போய் இருக்கு, நான் யாரையும் ஒரு அடி அடிக்கல. அடுத்த பத்து டர்ன்ல ரெண்டு பேரும் சேந்து வந்து இறங்கிட்டாங்க.

என் கேள்வி இது தான், 5ல இருந்து வந்தவங்க எதை முதல்ல தூக்கிப் போட்டீங்க? சிட்டி எத்தனை வேணும், வொண்டர் கட்டுறது வேஸ்ட்டா, அப்புறம் இவனுங்களுக்கு என் மேல என்ன கடுப்பு?

----

கணக்கு_வாத்தி:

தம்பி, 5ல நீங்க நாலு சிட்டியோட நிறுத்துனதுக்குக் காரணம் உங்க தெறமை இல்ல, அந்த கேமோட ரூல். பிரேவ் நியூ வேர்ல்ட் எக்ஸ்பான்ஷன் வந்த அப்புறம் ஸ்டாண்டர்ட் மேப்ல ஒவ்வொரு சிட்டிக்கும் எல்லா டெக்கோட (டெக்னாலஜி) விலையும் 5 சதவீதம் ஏறும், பாலிசி விலை 10 சதவீதம் ஏறும், புது சிட்டி போட்ட உடனே மொத்த நாட்டோட ஹாப்பினஸ்ல 3 கழியும், நேஷனல் காலேஜ் வேணும்னா எல்லா சிட்டியிலும் லைப்ரரி இருக்கணும். அஞ்சாவது சிட்டி போடுறவனை கேமே புடிச்சு குட்டுது, அதனால நாலோட நின்னோம். 6ல இந்த குட்டு ஒண்ணு கூட கிடையாது. எத்தனை சிட்டி போட்டாலும் டெக் விலை அதே தான். ஏறுறது புது சிட்டி போடுற செட்லரோட விலை மட்டும் தான்.

இப்ப சயின்ஸ் கணக்கைப் பாருங்க, இதை ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாத்தா அப்புறம் நாலு சிட்டி ஆட மனசே வராது. 6ல ஒரு ஆளுக்கு அரை சயின்ஸ் தான். 12 பேர் இருக்குற கொழுத்த சிட்டியில ஜனங்க மூலமா வர்றது 6. இன்னொரு பக்கம், நேத்து போட்ட சிட்டி, உள்ள ஒரே ஒரு ஆள், ஆனா ஒரு ஹில்ஸ் டைல்ல (மேட்டுக் கட்டம்) சியோவோன், அதாவது கொரியாவோட ஸ்பெஷல் சயின்ஸ் டிஸ்ட்ரிக்ட், வச்சாச்சு. சியோவோன் 4, அதுக்குள்ள லைப்ரரி 2, மொத்தம் 6. பன்னெண்டு பேரை சோறு போட்டு வளர்த்து வாங்குற அதே 6ஐ ஒத்தை ஆள் ஊர் குடுத்துருது. கொரியாவை 6ல எப்படி ஆடணும்னு அந்த ஒரு கட்டடத்துலயே சொல்லி வச்சிருக்காங்க, மத்த நாட்டுக்காரன் மலையைத் தேடி அவனோட சயின்ஸ் டிஸ்ட்ரிக்ட்டான கேம்பஸ் வைக்கணும், உங்களுக்கு ஒரு மேடு கெடச்சா போதும். ஆனா பக்கத்துல வேற டிஸ்ட்ரிக்ட் வந்தா ஒண்ணு ஒண்ணா கொறையும், சிட்டி சென்டரை ஒட்டி வச்சாலும் அதே கதை, தள்ளி தனியா வைங்க.

சாப்பாட்டுப் பக்கமும் அப்படித் தான். சிட்டி பெருசாக பெருசாக ஹவுசிங் (குடியிருக்க எடம்) இடிக்கும், லிமிட்டுக்கு ஒண்ணு கம்மியா இருக்கும்போதே வளர்ச்சி பாதியாயிரும், லிமிட்டைத் தொட்டா கால்வாசி. அமெனிட்டி (ஜனங்களோட சொகுசு) கேக்குறது ரெண்டு ஆளுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு இல்ல. அதுலயும் முதல் ரெண்டு ஆளுக்கு கேக்காது. ஒரு லக்சரி பொருள் நாலு சிட்டி வரைக்கும் பாத்துக்கும். அப்ப சின்ன ஊரா பத்து இருந்தா யாரும் மூஞ்சியைத் தூக்க மாட்டான், பெரிய ஊரா நாலு வச்சு எல்லாரையும் ஒரே எடத்துல அடைச்சா தான் பிரச்சனை.

வொண்டர் வேஸ்ட்டான்னு கேட்டீங்க. கிரேட் லைப்ரரி 400 ப்ரொடக்ஷன், முதல் செட்லர் 80. விலை ஏறிக்கிட்டே போகும்னு வச்சாலும் அந்த 400ல ரெண்டு மூணு செட்லர் கெளம்பிரும். 5ல அந்த கிரேட் லைப்ரரி ஒரு டெக்கை முழுசா இனாமா குடுத்துச்சு, 6ல பழைய ரெண்டு காலத்து டெக்குக்கு யுரேகா (டெக் விலையில தள்ளுபடி) மட்டும் தான், அதுல பாதியை நீங்க ஏற்கனவே முடிச்சிருப்பீங்க. போதாக்குறைக்கு இங்க வொண்டர் ஒரு டைலையே முழுங்கும். டர்ன் 100க்குள்ள 10 சிட்டின்னு ரொம்ப பேர் சொல்வாங்க, எம்பரருக்கு 8 இருந்தாலே தாராளம்.

----

ரதம்_ஓட்டி:

வாத்தியார் கணக்கு சரி ஆனா செட்லர் கட்டித் தான் சிட்டி வரணும்னு யார் சொன்னது? ஏஐ, அதாவது கம்ப்யூட்டர் எதிரி, உங்களுக்காகக் கட்டிக் குடுக்குறான் இல்ல?

டிஃபிகல்ட்டி ஏத்துனா ஏஐக்கு மூளை ஏறல, கைல காசு தான் ஏறுது. எம்பரர்ல அவனுக்கு ப்ரொடக்ஷனும் கோல்டும் 40 சதவீதம் எக்ஸ்ட்ரா, உச்ச லெவலான டெய்ட்டியில 80. டெய்ட்டியில ஆரம்பிக்கும்போதே மூணு செட்லரோட நிப்பான். ஆனா சண்டை போடத் தெரியாது. ஆறு தாண்டி தாண்டி ஒவ்வொருத்தனா வருவான், மேட்டு மேல நம்ம ஆர்ச்சர் மூணு பேர் உக்காந்திருந்தா வரிசையா சாவான். மொத அலையை அப்படி முடிச்சிட்டு நாம கெளம்புனா அவன் ஊர்ல ஆளே இருக்காது, சுவர் கட்டுறதுக்கு முன்னாடி போயிரணும், அவ்ளோ தான்.

சும்மா பழகணும்னா ஒரு ஆட்டம் கில்கமெஷ் எடுத்துப் பாருங்க. சுமேரியாவோட வார் கார்ட் எந்த டெக்கும் கேக்காது, முதல் டர்ன்லயே கட்டலாம், பலம் 30, எதிரில நிக்கிற வார்ரியர் 20. ஸ்பியர்மேன் வந்தாலும் குதிரைக்கு விழுற அடி இதுக்கு விழாது. பக்கத்து ஊர்க்காரன் தலைநகரே டர்ன் 30 சுத்தி உங்க கைல இருக்கும், அதுல வர்ற டிஸ்ட்ரிக்ட், பில்டர் எல்லாம் போனஸ். நம்ம ராஜா அண்ணன் 5ல நாலு சிட்டியோட அமைதியா சயின்ஸ் ஜெயிச்சுப் பழகிட்டாரு, கை கட்டி நிக்கிற அந்தப் பழக்கத்தைத் தான் முதல்ல விடணும்.

----

கணக்கு_வாத்தி:

@ரதம்_ஓட்டி கில்கமெஷ் கையில வந்தா யார் வேணா அடிப்பாங்க, அவர் கேட்டது கொரியா. கொரியாவுக்கு ஆரம்பத்துல ஒரு ஸ்பெஷல் யூனிட்டும் கிடையாது.

----

ரதம்_ஓட்டி:

ஆர்ச்சர் எல்லா நாட்டுக்கும் உண்டு வாத்தியாரே.

----

இன்னும்_ஒரு_டர்ன்:

ரெண்டு பேரும் மூஞ்சி ஏன் செவந்துச்சுன்னு சொல்லவே இல்லையே, அது தான் இந்த கேள்வியிலயே சுவாரசியம்.

6ல ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு அஜெண்டா இருக்கு, லீடர் ஸ்க்ரீன்ல போய் பேர் மேல மவுஸ் வச்சா காட்டும். ட்ராஜனுக்கு நிறைய நிலம் வச்சிருக்குறவனைப் புடிக்கும், கொஞ்சூண்டு நிலம் வச்சிருக்குறவனைப் பாத்தா எளக்காரம். சின் ஷி ஹுவாங்குக்கு அவனை விட அதிகமா வொண்டர் வச்சிருக்குறவனைக் கண்டா ஆகாது. நீங்க நாலு சிட்டி, மூணு வொண்டர். அதாவது ஒரே ஸ்டைல்ல ரெண்டு பக்கத்து வீட்டுக்காரனையும் கச்சிதமா பகைச்சிருக்கீங்க, இதை வேணும்னு ட்ரை பண்ணாக் கூட வராது, ஹாஹா.

இதுக்கு வைத்தியம் சுலபம். ஒருத்தனை முதல் முதல்ல சந்திக்கிற அந்த டர்ன்லயே டெலிகேஷன் (தூதுக்குழு) அனுப்பிருங்க, 25 கோல்டு தான், அந்த டர்ன்ல பெரும்பாலும் வாங்கிக்குவான், நாலு டர்ன் கழிச்சு உங்களைப் பத்தி ஒரு அபிப்ராயம் வந்த அப்புறம் மூஞ்சியில அடிச்ச மாதிரி வேணாம்பான். பச்சை மூஞ்சி ஆன உடனே ஃப்ரெண்ட்ஷிப் கேளுங்க. ஒத்துக்கிட்டா 30 டர்னுக்கு அவன் உங்க மேல போர் அறிவிக்கவே முடியாது, அது முடியிற டர்னை ஞாபகம் வச்சு மறுபடி போடணும். ரெண்டு எல்லையில ஒண்ணை இப்படி அடைச்சிட்டா ஆர்ச்சர் எல்லாத்தையும் இன்னொரு பக்கம் நிறுத்தலாம். கூடவே கையில டிப்ளோமாட்டிக் ஃபேவர் (ராஜதந்திரப் புள்ளி) சும்மா கெடந்தா ஏஐ கிட்ட வித்துருங்க, அதுக்கு அவன் குடுக்குற கோல்டு அநியாயத்துக்கு இருக்கும், அதுலயே ஒரு செட்லர் வாங்கலாம்.

அப்புறம் யாராவது காந்தி பக்கத்துல வந்தா அணுகுண்டு போடுவாருன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். 1991ல வந்த முதல் கேம்ல காந்தியோட ஆக்ரோஷ நம்பர் சுத்திக்கிட்டு 0க்குக் கீழ போய் 255 ஆயிடுச்சுங்கிற கதை உண்மை இல்ல, சிட் மெயரே 2020ல வந்த தன்னோட சுயசரிதையில அப்படி ஒரு பக் கிடையாதுன்னு எழுதிட்டாரு. 5ல காந்திக்கு அணுகுண்டு ஆசையை 12ன்னு வச்சது வேணும்னே வச்ச ஜோக்.

----

நாலுஊர்_ராஜா:

அடப்பாவி, அந்த ட்ராஜன் ஒவ்வொரு தடவையும் வந்து ஏதோ ஏளனமா பேசிட்டுப் போவான், நான் ஸ்கிப் பண்ணிட்டே இருந்தேன். அதான் மேட்டரா.

வாத்தியாரோட 6க்கு 6 கணக்கு மண்டையில ஏறிடுச்சு. ஆனா ரெண்டு டவுட். ஒண்ணு, இவ்ளோ செட்லர் கட்டுனா தலைநகர் ஆளே இல்லாம காஞ்சு போகாதா, ஒவ்வொரு செட்லருக்கும் ஒரு ஆள் கொறையுதே. ரெண்டு, தூரமா ஒரு நல்ல எடம் பாத்து சிட்டி போட்டுப் பாத்தேன், கொஞ்ச டர்ன்ல லாயல்ட்டி (விசுவாசம்) போய் தனி நாடாயிருச்சு, அப்புறம் ட்ராஜன் பக்கம் சாஞ்சிருச்சு. 5ல இந்த ரோதனையே இல்ல.

----

சோம்பேறி_டெய்ட்டி:

செட்லர் விஷயத்துல நான் பண்றதைச் சொல்றேன். மொத்த ஜனத்தொகை 6 ஆனா எர்லி எம்பயர் சிவிக்குக்கு (கலாச்சார ஆராய்ச்சி) இன்ஸ்பிரேஷன், அதாவது விலையில தள்ளுபடி, கெடைக்கும், அந்த சிவிக்ல காலனைசேஷன் பாலிசி கார்டு வருது, செட்லருக்கு 50 சதவீதம் ப்ரொடக்ஷன். அது வர்ற வரைக்கும் ரெண்டு மூணு சிட்டி, வந்ததும் கார்டைப் போட்டு வரிசையா அடிக்கணும். அடுத்து கவர்மென்ட் பிளாசா டிஸ்ட்ரிக்ட், அதுக்குள்ள ஆன்சஸ்ட்ரல் ஹால், அந்த சிட்டியில இன்னொரு 50 சதவீதம், அதோட புதுசா போடுற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பில்டர் ஃப்ரீ. மேக்னஸ்னு ஒரு கவர்னர் இருக்கான், அவனுக்கு ப்ரொவிஷன் ப்ரமோஷன் குடுத்து அதே சிட்டியில உக்கார வச்சா செட்லர் கட்டுனாலும் ஆள் கொறையாது. தலைநகரையே இதுக்கு வைக்கணும்னு இல்ல, ரெண்டாவது சிட்டியில காடு நிறைய இருந்தா அங்க வச்சு காட்டை வெட்டி வெட்டி செட்லர் எடுங்க, மேக்னஸ் இருக்குற எடத்துல வெட்டுனா 50 சதவீதம் கூட வரும். பச்சையா இருந்த எடம் மொட்டையாயிரும், பாக்க பாவமா தான் இருக்கும், பரவால்ல.

லாயல்ட்டி வந்தது ரைஸ் அண்ட் ஃபால்ல, 2018. அது ஒண்ணும் மர்மம் இல்ல. ஒவ்வொரு சிட்டியோட ஜனமும் சுத்தி 9 டைல் வரைக்கும் இழுக்கும், கிட்ட இருந்தா பலமா, தூரம் போகப் போக கம்மியா. உங்க ஏஜ் (காலகட்டம்) கோல்டன்னா ஒரு ஆள் ஒன்றரை ஆளுக்கு சமம், டார்க் ஏஜ்னா அரை ஆள். ட்ராஜனோட ஊர் நாலு பக்கத்துலயும் இருக்குற எடத்துல நீங்க ஒத்தை ஊரைப் போய் போட்டா, அதுவும் டார்க் ஏஜ்ல, அது எப்படி நிக்கும். அதனால தூரத்து நல்ல எடத்துக்கு நேரா தாவாதீங்க, ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊர் நாலஞ்சு டைல்னு தொட்டுத் தொட்டுப் போங்க. ரெண்டு சிட்டி சென்டருக்கு நடுவுல மூணு டைல் இருந்தா போதும், கேம் விடும். 5ல இருந்து வர்றவங்க ஒவ்வொரு ஊருக்கும் மூணு வளையம் நிலம் முழுசா வேணும்னு அகலமா போடுவாங்க, இங்க எந்த ஊரும் அவ்ளோ டைல் வேலை பாக்குற அளவுக்கு வளராது. எதிரிப் பக்கத்து எல்லையில முதல்ல போடுங்க, உங்க முதுகுப் பக்கம் இருக்குற நிலம் எங்கயும் ஓடிப் போகாது, அதை கடைசியில நெரப்பிக்கலாம். எல்லை ஊர்ல ஒரு கவர்னர் உக்காந்தா 8 லாயல்ட்டி.

இதை விட முக்கியமா ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லலன்னு பாக்குறேன். டிஸ்ட்ரிக்ட்டோட விலை நீங்க படிச்ச டெக், சிவிக்கோட எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி ஏறிக்கிட்டே போகும், ஆனா டைல்ல வச்ச அந்த நிமிஷம் விலை பூட்டிக்கும். கட்ட வேணாம், வச்சா போதும். ஊர் போட்ட முதல் டர்ன்ல சியோவோனை வச்சிட்டு உடனே வேற வேலைக்கு மாத்திருங்க, மோனுமென்ட் கட்டுங்க, ஸ்லிங்கர் கட்டுங்க, இருபது டர்ன் கழிச்சு வந்து முடிச்சாலும் அன்னைக்கு வச்ச விலை தான். முதல் டிஸ்ட்ரிக்ட் ஒரு ஆளுக்கே வைக்கலாம், அடுத்தது 4 பேர், அதுக்கடுத்து 7. 4ஐத் தொட்ட அன்னைக்கே கமர்ஷியல் ஹப்பை வச்சுப் பூட்டுங்க. அதுல மார்க்கெட் கட்டுனா ஒரு ட்ரேட் ரூட், அந்த ட்ரேடரைப் புது ஊர்ல இருந்து தலைநகருக்கே அனுப்புங்க, புது ஊருக்கு சோறும் ப்ரொடக்ஷனும் வந்துக்கிட்டே இருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்புனா கோல்டு நல்லா வரும்னு ஆசை காட்டும், ஆரம்பத்துல வேணாம்.

----

ஈசான_மூலை:

நடுவுல புகுந்து கேக்குறேன், நான் 7 ஆடுறேன், அதுல எக்ஸ்ப்ளோரேஷன் ஏஜ்ல சோழர் இருக்காங்கன்னு தான் வாங்குனேன். இங்க சொல்ற நிறைய ஊர் போடுங்கிற ஐடியா அங்க செல்லுமா? நான் 6 மாதிரியே இஷ்டத்துக்குப் பரவுனேன், மக்கள் எல்லாம் கொந்தளிச்சிட்டாங்க.

----

சோம்பேறி_டெய்ட்டி:

செல்லாது. 7ல செட்டில்மென்ட் லிமிட்னு மேல ஒரு நம்பர் இருக்கும், அதைத் தாண்டுனா ஹாப்பினஸ் இறங்கும். டெக், சிவிக் மூலமா அந்த லிமிட்டை ஏத்தி ஏத்திப் பரவணும். புதுசா போடுறது எல்லாம் டவுனா தான் பொறக்கும், கோல்டு குடுத்தா தான் சிட்டி ஆகும், எல்லாத்தையும் சிட்டி ஆக்கவும் கூடாது, டவுனா விட்டு அதுக்கு ஒரு ஸ்பெஷலைசேஷன் குடுத்தா சோறு பக்கத்து சிட்டிக்குப் போகும். அதோட ஏஜ் மாறும்போது நாடே மாறிரும், 6ல 300 டர்னுக்கு போட்ட பிளான் அங்க பாதியில அறுந்துரும். சோழருக்கு கடலும் வியாபாரமும் தான் பலம், கலம்னு தனிக் கப்பலே உண்டு, அதனால முதல் ஏஜான ஆன்டிக்விட்டியிலயே ரெண்டு மூணு ஊரைக் கடலோரமா போட்டு வச்சிட்டு வாங்க. மத்ததுக்குத் தனி த்ரெட் போடுங்க ப்ரோ, இங்க கொரியா ஓடிட்டு இருக்கு.

----

இன்னும்_ஒரு_டர்ன்:

பாத்தீங்களா, 5ல நாலோட நில்லு, 6ல நிக்காதே, 7ல லிமிட்டைப் பாத்து போ. சாம்ராஜ்யம் கட்டுறதைப் பத்தி இந்த கேம் ஏதோ பெரிய உண்மையைச் சொல்லித் தருதுன்னு வீடியோ போடுறவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்பு தான் வரும். அது சொல்லித் தர்றது அந்த பாகத்தை டிசைன் பண்ணவர் எந்த நம்பரை எங்க வச்சாருன்னு மட்டும் தான். அப்படியும் ஒண்ணே ஒண்ணு எல்லா பாகத்துலயும் மாறாம இருக்கு, மேப்பைப் பாக்கப் பழகுறது. ஆறு எங்க, மலை எங்க, ரெண்டு கடலுக்கு நடுவுல ஒரே டைல் நிலம் எங்க. அந்த ஒத்தை டைல்ல சிட்டி போட்டா கப்பல் ரெண்டு பக்கமும் போகும், கேம்ல அதை ஒரு தடவை அனுபவிச்சவன் இஸ்தான்புல்லையும் பனாமாவையும் மேப்ல வேற மாதிரி பாப்பான்.

----

ரதம்_ஓட்டி:

தத்துவம் போதும் தல. ராஜா அண்ணே, மறுபடி ஆரம்பிச்சீங்களா இல்லையா?

----

நாலுஊர்_ராஜா:

அதே மேப்பை முதல் டர்ன்ல இருந்து ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். இப்ப டர்ன் 48, சிட்டி அஞ்சு, வொண்டர் ஜீரோ, கை நமநமன்னு தான் இருக்கு, பக்கத்துலயே கல்லு இருக்கு, ஸ்டோன்ஹென்ஜ் கூப்பிடுது. ட்ராஜனுக்கு பாத்த டர்ன்லயே டெலிகேஷன் போயிருச்சு, மூஞ்சி மஞ்சள்ல நிக்குது. மூணு ஊர்ல சியோவோனை வச்சுப் பூட்டியாச்சு. காலனைசேஷன் கார்டு போட்டதுல ஆறாவது செட்லர் கெளம்பி எல்லைப் பக்கம் போய்க்கிட்டு இருக்கு.

ஆனா வேவு பாக்க வந்த ஒரு பார்பேரியன் (காட்டுமிராண்டி) ஸ்கவுட் என் ரெண்டாவது ஊர் பக்கம் வந்து எட்டிப் பாத்திட்டு இப்ப தலை மேல ஆச்சரியக்குறியோட ஓடுறான். ஆர்ச்சர் ரெண்டு டைல் பின்னாடி. விட்டுறலாமா?

----

கணக்கு_வாத்தி:

விடாதீங்க!! அவன் கேம்புக்குப் போய் சேந்துட்டான்னா அங்க இருந்து கும்பலா கெளம்பி வருவாங்க, கேம்ப் குதிரை பக்கத்துல இருந்தா குதிரைப்படையே வரும். ஆர்ச்சரை அவன் பின்னாடியே ஓட்டாதீங்க, அவன் வேகம், புடிக்க முடியாது, கேம்புக்குப் போற வழியில இன்னொரு யூனிட்டை குறுக்க நிறுத்துங்க.

----

ரதம்_ஓட்டி:

அண்ணே அந்த ஆறாவது செட்லர் கூட யாராவது போறாங்களா, இல்ல தனியா விட்டுட்டீங்களா?

----

நாலுஊர்_ராஜா:

தனியா தான்... இருங்க வர்றேன்

----

ரதம்_ஓட்டி:

புடிச்சிட்டுப் போனாலும் கலங்காதீங்க, கேம்புக்கு தான் கூட்டிட்டுப் போவான், ஒரு வார்ரியரை அனுப்பி அவனை அடிச்சா செட்லர் அப்படியே திரும்ப கைக்கு வந்துரும். ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, கேம்ப் எங்க இருக்குன்னு பாப்போம்.